மயசபையும் மனித மனமும்

பாரதக் கதையில் மயன் சமைத்த மண்டபத்தை நாம் அறிவோம். அதனுட் புகுந்த துரியோதனன் நீரைத் தரையென்றும் தரையை நீரென்றும் மயங்கினான். இக்காலத்து விஞ்ஞானிகளும் அத்தகைய மண்டபங்களைச் சமைக்கின்றனர். ஆயின் அவை மயக்குதற்கல்ல, தொழில் நடத்துதற்காம். வெவ்வேறு ஊர்களில் தத்தம் இல்லங்களிலிருந்து ஒரே வேலையைச் செய்யும் குழுவினர், கண்களை முற்றும் மூடும் ஹெட்செட் என்னும் கருவியை அணிந்தவுடன், ஒரே மேசையைச் சூழ்ந்திருப்பதுபோல ஒருவரையொருவர் காண்பர். வலப்பக்கத்தவர் பேச்சு வலப்பக்கத்திலிருந்தே கேட்கும். இதனை மெய்நிகர் உலகம் என்பர். இதனை ஊழியர் மனமுவந்து ஏற்பரோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

இம்முயற்சி புதிதன்று. 1968-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து என்பார் இத்தகைய கருவியொன்றை இயற்றினார். பாரம் மிகுதியாதலின் அது கூரையினின்று தொங்கவிடப்பட்டது. 2021-ல், அக்காலத்துப் பேஸ்புக் என வழங்கிய ஸ்தாபனம் 'ஹொரைசன் வொர்க்ரூம்ஸ்' என்னும் கூட்ட அறையை வெளியிட்டது. ஆயினும் மைக்ரோசாப்டின் 'ஆல்ட்ஸ்பேஸ்' உலகம் 2023-லும், மொஸில்லாவின் 'ஹப்ஸ்' 2024-லும் மூடப்பட்டன. கருவி வளர்ந்தும் மக்கள் திரளாக வாராமைக்குக் காரணம் யாது?

ஃபிரெட் டேவிஸ் என்னும் அறிஞர் 1989-ல் வெளியிட்ட கொள்கை இதற்கு ஒளி தருகின்றது. புதிய கருவியை ஒருவர் ஏற்பது இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது: இதனால் என் வேலைக்குப் பயனுண்டா? இதனைக் கையாளுதல் எளிதா?

பயனை முதற்கண் நோக்குவோம். கட்டப்போகும் வீட்டினுள் நடந்து பார்த்தல், யந்திரத்தின் உருவைச் சுற்றிவந்து ஆராய்தல் ஆகியவற்றிற்கு இம்மண்டபம் பெரிதும் உதவும். கணக்கு வாசித்தற்கோ, நாளைய வேலையைப் பங்கிடுதற்கோ தொலைபேசியே போதும்.

இனி எளிமை. 2020-ல் வந்த 'குவெஸ்ட் 2' என்னும் கருவியின் நிறை 503 கிராம். முகத்தில் அரைக்கிலோவைச் சுமந்து நெடுநேரம் வேலை செய்தல் யார்க்கும் இன்பமன்று. மேலும், கண் அசைவைக் காண, செவியினுள்ளிருக்கும் சமநிலை உறுப்பு அசைவை உணராமையால் சிலர்க்குத் தலைசுற்றல் உண்டாகின்றது. ஜெர்மனியில் கோபுர்க் நகரத்து ஆராய்ச்சியாளர் முதலானோர் 2022-ல் வெளியிட்ட சோதனையில், வாரம் முழுதும் நாளொன்றுக்கு எட்டுமணி நேரம் இக்கருவியுடன் சிலர் வேலை செய்தனர். இருவர் முதல்நாளே விலகினர். எஞ்சிய 16 பேரிடையே கண்வலியும் சலிப்பும் சராசரியாக மிகுந்து காணப்பட்டன. ஆயினும் நாள் செல்லச் செல்ல ஒருவாறு பழகினர் என்பதும் கருதத்தக்கது.

இவ்விரண்டன்றி நம்பிக்கையும் வேண்டும். இக்கருவி தலையின் திருப்பத்தையும் கையின் அசைவையும் அளக்கவல்லது. அவ்வளவுகள் யார் கையிற் சேரும் என்று ஐயுறும் ஊழியன் அதனை அணிந்தாலும் மனத்தால் ஏற்கமாட்டான். கட்டளையால் கருவியைத் தலையிலேற்றலாம், மனத்திலேற்ற இயலாது.

நம் மாணவருட் பலர் நாளை இத்தகைய குழுக்களில் ஊழியராவர்; சிலர் தலைவருமாவர். தலைவராவோர் புதுமையைக் கண்டு விரையாது, 'இவ்வேலைக்கு இம்மண்டபம் வேண்டுமா?' என்று, அணியப்போகின்றவர்களையே முதலிற் கேட்பாராக. மயசபையில் விழுந்தவன் காலால் தரையைச் சோதியாது நடந்தவனே அன்றோ?