ஆர்.கே.பேட்டைக்கு மின்சாரக் கார் ஒத்துவருமா?

மின்சாரக் கார் வாங்கலாமா என்பதைத் தீர்மானிப்பது அன்றாட ஓட்டமும் இரவில் வண்டி நிற்கும் இடமும்தான். ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கோ சோளிங்கருக்கோ போய்வர, டாடா டியாகோ போன்ற சிறிய மின்சாரக் காரின் 24 யூனிட் பேட்டரி தாராளமாகப் போதும். யூனிட்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் கிடைக்கும். திருத்தணி மலைப்பாதையில் ஏறும்போது சார்ஜ் வேகமாகக் குறைந்தாலும், இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகி ஓரளவு மின்சாரத்தைத் திருப்பித் தரும்.

சென்னைப் பயணம் வேறு கணக்கு. போய்வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர், ஏ.சி.யும் ஓடினால் வழியில் ஒருமுறை சார்ஜ் போட்டே ஆக வேண்டும். வாரத்தில் பல நாள் சென்னை செல்பவர் பெரிய பேட்டரி பார்ப்பதே நல்லது.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். அது சரியில்லாவிட்டால் சார்ஜர் வேலையே செய்யாது. பழைய வயரிங்கில் மணிக்கணக்காகச் சார்ஜ் ஏறினால் பிளக் பாயின்ட் சூடேறி உருகக்கூடும். 16 ஆம்பியர் பாயின்டுக்குத் தனி வயர் இழுப்பது கட்டாயம். தினம் 50 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 400 யூனிட் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமும் உயரும். தெருவில் வண்டி நிறுத்துபவருக்கு, இப்போதைக்கு, மின்சாரக் கார் சிரமமே.