புதிய போன் வாங்குவதா, இருக்கும் போனைக் காப்பதா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்தபோது, உடுத்திய துணியோடு வெளியேறியவர்கள் பலர். கரட்டும் லீக்ஸும் நட்ட நிலம், மாட்டுக் கொட்டில், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள் எல்லாம் மண்ணுக்குள் போயின. அப்படி வந்தவர்களில் பலருடைய கையில் மிஞ்சியது கைத்தொலைபேசி ஒன்றுதான். அடையாள அட்டையின் படமும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் காணிக் கடிதத்தின் படமும் இன்று அதற்குள்தான் இருக்கின்றன. அஸ்வெசும கொடுப்பனவு 2023 முதல் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பணம் வந்தது, எடுத்தது எல்லாம் குறுஞ்செய்தியாகப் போனில் தெரிகிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையும் பெரும்பாலும் இந்த வழியாகவே நம்மை எட்டுகிறது. சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது போன் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அது அலுமாரி, தபால்பெட்டி, பணப்பை மூன்றும் சேர்ந்தது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அந்தப் போனைப் பற்றி நம்மிடம் அடிக்கடி வரும் கேள்விகள் இரண்டு. புதிய மாடல் வந்துவிட்டதே, பழையதை மாற்ற வேண்டுமா என்பது ஒன்று. 'அப்டேட் செய்' என்று போன் ஓயாமல் கேட்கிறதே, செய்யலாமா, செய்தால் போன் கெட்டுப்போகுமா என்பது மற்றது. இரண்டும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். முதலாவதைத் தயங்காமல் தள்ளிப்போடலாம். இரண்டாவதைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

போனின் கண்ணாடிக்கும் பற்றரிக்கும் பின்னால் மென்பொருள் என்று ஒன்று இருக்கிறது. எப்போது மணியடிக்க வேண்டும், யாருக்கு எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று எழுதிவைத்த கட்டளைகள் அவை. இலட்சக்கணக்கான வரிகளை மனிதர்கள் எழுதுகிறார்கள். ஆகவே பிழை இருக்கும். சில பிழைகள் வேலியில் விழுந்த ஓட்டை போன்றவை. கிழங்குப் பாத்தியைச் சுற்றி எவ்வளவு நன்றாக வேலி போட்டாலும் காட்டுப்பன்றி ஓர் இடத்தைக் கண்டுபிடித்துவிடும் அல்லவா? ஓட்டையைக் கண்டவுடன் கம்பனி அதை அடைக்கும் கட்டளைகளை எழுதி அனுப்புகிறது. அதுதான் பாதுகாப்பு அப்டேட்.

ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளிவந்தவுடன், ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அடைத்த வீட்டை விட்டுவிட்டு, அடைக்காத வீட்டைத் தேடி அவன் போகிறான். 2017 மார்ச் 14ஆம் திகதி மைக்ரோசொப்ட் கம்பனி தனது விண்டோஸ் கணினிகளில் இருந்த ஒரு ஓட்டைக்கு அடைப்பு வெளியிட்டது. இரண்டு மாதத்தில், மே 12ஆம் திகதி, 'வன்னாக்ரை' என்ற கொள்ளை மென்பொருள் அதே ஓட்டை வழியாகச் சுமார் 150 நாடுகளின் கணினிகளுக்குள் நுழைந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகள் சிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அப்டேட்டைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அது அந்த வழியால் நுழைய முடியவில்லை.

அது தூரத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 2023 ஆகஸ்ட் இறுதியில் நமது அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை இதே வகையான கொள்ளை மென்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்கப்படவில்லை. அந்தச் சேவை ஓடியது மைக்ரோசொப்ட் 2013இல் வெளியிட்ட மென்பொருளில். அதற்கு அப்டேட் அனுப்புவதை அந்தக் கம்பனி 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021 முதலே இருந்தது என்றும், நிதிப் பற்றாக்குறையும் முன்னைய நிர்வாகத் தீர்மானங்களும் அதைத் தாமதப்படுத்தின என்றும் பொறுப்பான நிறுவனம் விளக்கம் சொன்னது. பணமில்லை, பிறகு பார்க்கலாம் என்ற பேச்சு நமது வீட்டிலும் கேட்பதுதான். ஆனால் போனுக்கு வரும் பாதுகாப்பு அப்டேட்டுக்குக் கம்பனி காசு கேட்பதில்லை. செலவு டேட்டாவுக்கு மட்டுமே.

போன்களுக்கு இந்த ஒழுங்கு வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 2015 ஜூலையில் அன்ட்ரொய்ட் போன்களில் ஒரு பெரிய ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. வீடியோ ஒன்றைச் செய்தியாக அனுப்பியே போனுக்குள் நுழைய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அடுத்த மாதமே, மாதந்தோறும் பாதுகாப்பு அடைப்புகள் வெளியிடப்படும் என்று கூகுள் அறிவித்தது. ஆனால் கூகுள் எழுதும் அடைப்பு நேராக உங்கள் போனுக்கு வருவதில்லை. போனைச் செய்த கம்பனி அதை வாங்கித் தன் மாடலுக்கு ஏற்றபடி திருத்தி அனுப்ப வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு இரண்டு மூன்று வருடம் அனுப்பிவிட்டுக் கம்பனி கைவிட்டுவிடும். அதன்பின் போன் வழக்கம்போல் பேசும், படம் எடுக்கும், பாட்டுப் போடும். வேலி உக்கத் தொடங்கியது மட்டும் வெளியே தெரியாது.

இதனால்தான், போன் வாங்கும்போது எத்தனை கெமரா என்று கேட்பதற்கு முன் எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கேளுங்கள் என்கிறோம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடைக்காரத் தம்பிக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். கம்பனியின் அறிவிப்பை அவரது போனிலேயே தேடிக் காட்டச் சொல்லுங்கள். கூகுள் 2023 ஒக்டோபரில் வெளியிட்ட பிக்சல் 8 போனுக்கு ஏழு வருடம் என்று வாக்குக் கொடுத்தது. சம்சுங் 2024 ஜனவரியில் எஸ்24 மாடலுக்கு ஏழு வருடம் என்றது. அவை நமக்கு எட்டாத விலை. ஆனால் அதே சம்சுங், விலை குறைந்த ஏ16 மாடலுக்கு ஆறு வருடம் என்று அறிவித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பின்னும் ஐந்து வருடமாவது அப்டேட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்தச் சட்டம் ஹட்டன் கடைவீதிக்குச் செல்லாது. இருந்தாலும் அங்கே கட்டாயமானது இங்கே விற்கும் சில மாடல்களுக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

வருடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் ஏமாறுகிறோம். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்துதான் பெரும்பாலான கம்பனிகள் எண்ணுகின்றன. 2021இல் வந்த நான்கு வருட மாடல் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் இன்று வாங்கினாலும், கையில் எடுக்கும்போதே அதன் ஆயுள் முடிந்திருக்கும். பாவித்த போன் வாங்குவோர் இதை இன்னும் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் பாவித்த போன்தான் வாங்குகிறோம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியது. போன் விலையும் அதனோடு ஏறியது. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தன் பழைய போனைத் தாய்க்கு அனுப்புவது அன்று தொடங்கிய வழக்கமல்ல. ஆனால் அன்றிலிருந்து அது கூடியிருக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. பாவித்த நல்ல போன், அப்டேட் வராத புதுப் போனைவிட மேல்.

ஆனால் புதிய மாடலுக்காக நகையை அடகு வைப்பதும், நிவாரணப் பணத்தைத் தவணைக்கு முற்பணமாகக் கட்டுவதும் வேண்டாம். அப்பிள் கம்பனி பெரும்பாலும் செப்டெம்பர் தோறும் புதிய ஐபோன் வெளியிடுகிறது. மற்றக் கம்பனிகள் வருடம் முழுதும் வெளியிட்டபடி இருக்கின்றன. வருடத்துக்கு வருடம் கெமரா சற்றுக் கூர்மையாகிறது, திரை சற்றுப் பளபளக்கிறது. இதற்காக ஒரு போக விளைச்சலின் பணத்தைக் கொடுக்கத் தேவையில்லை என்பதே நமது எண்ணம்.

அப்டேட் போட்டால் போன் மந்தமாகும் என்ற பயத்தை நாம் அறியாமை என்று தள்ளுவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. பற்றரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமலிருக்க, அவற்றின் வேகத்தைக் குறைக்கும் கட்டளைகளை அப்டேட் மூலம் அனுப்பியதை அப்பிள் 2017 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. பாவனையாளருக்குச் சொல்லாமல் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டு, பற்றரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்தது. 2020இல் பிரான்ஸ் அதற்கு 250 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. 2024 ஜூலை 19ஆம் திகதி, பாதுகாப்புக் கம்பனி ஒன்று அனுப்பிய பிழையான அப்டேட்டினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, விமானங்கள் நின்றன. எனவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் உடனே போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அன்ட்ரொய்ட் 15இலிருந்து 16க்கு மாறுவது போன்ற பெரிய பதிப்பு வந்தால் இரண்டு வாரம் பொறுத்து, அதே மாடல் வைத்திருப்பவர்களிடம் விசாரித்துப் போடலாம். மாதாந்தப் பாதுகாப்பு அப்டேட்டுக்கு அந்தப் பொறுமை கூடாது. அளவில் சிறியதும் அதுதான்.

உங்கள் போன் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். 'செட்டிங்ஸ்' என்ற பல்சக்கர அடையாளத்தைத் திறந்து, 'எபவுட் போன்' என்ற பகுதியில் 'செக்யூரிட்டி' என்ற சொல்லுக்கு அருகே ஒரு திகதி இருக்கும். சில மாடல்களில் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். பிள்ளைகளிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் காட்டுவார்கள். திகதி இரண்டு மூன்று மாதத்துக்கு உட்பட்டதானால் பரவாயில்லை. ஒரு வருடத்துக்கு மேல் பழையதானால் 'சொப்ட்வெயார் அப்டேட்' என்ற இடத்தில் புதியது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இல்லை என்று வந்தால் கம்பனி அந்தப் போனைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது.

அப்டேட் போடுமுன் முக்கியமான படங்களை வேறொரு போனுக்கோ மெமரி கார்ட்டுக்கோ பிரதி எடுத்துவையுங்கள். பெரிய பதிப்பு ஒரு ஜிபிக்கு மேல் போகலாம். ரீலோட் காசைக் கரைக்காமல் வைபை உள்ள உறவினர் வீட்டிலோ நிலையத்திலோ செய்வது நல்லது. பற்றரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும்; நடுவில் அணைக்கக் கூடாது. இடமில்லை என்று போன் சொன்னால், வட்ஸ்அப்பில் வந்து குவிந்த வாழ்த்து வீடியோக்களை அழியுங்கள். காலை வணக்கங்கள் மட்டுமே எத்தனை ஜிபி பிடித்திருக்கின்றன என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

கைவிடப்பட்ட போனை எறிய வேண்டியதில்லை. பேசுவதற்கும், வானொலி கேட்பதற்கும், பிள்ளை பாடம் பார்ப்பதற்கும் அது போதும். வங்கி ஆப்பையும் வங்கிக் குறுஞ்செய்தி வரும் சிம்மையும் மட்டும் வீட்டில் அப்டேட் வரும் மற்றொரு போனுக்கு மாற்றுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் வங்கிக் குறுஞ்செய்திகளைச் சாதாரண பட்டன் போனில் பெறுவது பாதுகாப்பானது. ஆப்கள் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படும்; போன் பழசானாலும் அதை நிறுத்தாதீர்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 2013இல் வந்த அன்ட்ரொய்ட் 4.4 உள்ள போன்களை வட்ஸ்அப் 2025 தொடக்கத்தில் கைவிட்டது.

எந்த அப்டேட்டும் அடைக்க முடியாத ஓட்டை ஒன்று உண்டு. அது நாமே கதவைத் திறந்துவிடுவது. பேரிடருக்குப் பின், வீடு கட்ட உதவி, கொடுப்பனவுப் பதிவு என்று லிங்க் உள்ள செய்திகள் கைமாறி வரும். அழுத்தினால் ஓர் ஆப்பை இறக்கச் சொல்லும். 'தெரியாத இடத்திலிருந்து வருகிறது' என்று போன் எச்சரித்தாலும் அனுமதி கொடு என்று சொல்லித்தரும். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் எந்த ஆப்பையும் போடாதீர்கள். அது உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்டு, வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தைத் திருடனுக்கு அனுப்பிவிடக்கூடும். உதவிக்கான பதிவு உண்மையா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ நேரில் கேட்டறியலாம்.

பாவித்த போன் வாங்குவோருக்கு இன்னொன்று. காசு கொடுக்குமுன் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் ஒன்று திரையில் தோன்றும். ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு எழுத்துகளைப் புள்ளியில்லாமல் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். விற்றவர் தன் கணக்குகளை நீக்கி, போனை முழுதாக வெறுமையாக்கித் தந்தாரா என்றும் பாருங்கள். உங்கள் போனை விற்கும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள். அந்த 15 இலக்க எண்ணைப் போனுக்குள் மட்டும் வைக்காமல், வேறொரு காகிதத்தில் எழுதி வங்கிப் புத்தகத்தோடு வையுங்கள். போன் களவு போனால் பொலிஸ் முறைப்பாட்டில் அதைத்தான் கேட்பார்கள்.