காலை ஊன்றினால் போச்சு! பாறை மேல் பைக் ஏற்றும் 'டிரையல்ஸ்' போட்டி: நம்ம புல்லட்டும் ஒரு காலத்தில் கலக்கிய களம்

மோட்டார் சைக்கிள் போட்டி என்றாலே 200 கி.மீ. வேகம், காதைப் பிளக்கும் சத்தம், முழங்கால் தரையில் உரச வளைவில் சாயும் வீரர்கள்... இதுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆள் நடக்கிற வேகத்தில் பைக்கை உருட்டி உலக சாம்பியன் ஆகிற போட்டி ஒன்றும் இருக்கிறது. பெயர் டிரையல்ஸ். இதில் முதலில் வந்தது யார் என்று பார்ப்பதில்லை. தரையில் காலை வைத்தது யார் என்றுதான் பார்க்கிறார்கள்.

ஐரோப்பாவில் 100 வருடத்துக்கு மேலாக நடக்கும் இந்த விளையாட்டுக்கும் நம்ம திருவொற்றியூருக்கும்கூட ஒரு பழைய தொடர்பு உண்டு. அது கடைசியில். முதலில் ஆட்டம் எப்படி என்று பார்ப்போம்.

வாங்குகிற புள்ளி குறைந்தால் வெற்றி

ஆற்றங்கரை, காடு, மலைச்சரிவு என்று கரடுமுரடான இடமாகப் பார்த்து, கயிறும் அம்புக்குறியும் வைத்துச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 'செக்சன்' என்று பெயர். உள்ளே பாசி பிடித்த பாறை, விழுந்து கிடக்கும் மரம், ஓடுகிற தண்ணீர், ஆள் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கும் கல் என்று எல்லாம் இருக்கும். இதை எல்லாம் காலை ஊன்றாமல் தாண்டி மறுமுனைக்கு வரவேண்டும்.

ஒரு தடவை கால் தரையைத் தொட்டால் 1 அபராதப் புள்ளி. 2 தடவை என்றால் 2. அதற்கு மேல் எத்தனை தடவை தொட்டாலும் 3. கீழே விழுந்தாலோ, கயிறைத் தாண்டி வெளியே போனாலோ, ஏறமுடியாமல் மாட்டிக்கொண்டாலோ மொத்தமாக 5. சுத்தமாகக் கடந்தால் 0. எல்லா செக்சனும் முடிந்த பிறகு யாருடைய கணக்கில் புள்ளி குறைவோ அவர்தான் ஜெயித்தவர். ஒவ்வொரு செக்சனிலும் ஒரு நடுவர் வீரரின் காலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

உள்ளே போகும் முன் வீரர்கள் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தே சுற்றிப் பார்ப்பார்கள். எந்தக் கல் ஈரம், எது ஆடுகிறது, எங்கே முன்சக்கரத்தைத் தூக்கினால் பின்சக்கரம் எங்கே இறங்கும் என்று கணக்குப் போடுவார்கள். பெரிய போட்டிகளில் கூடவே 'மைண்டர்' என்று ஒரு உதவியாளரும் ஓடிவருவார். பாறை மேல் இருந்து பைக்கோடு சரிந்தால் வீரர் மேல் வண்டி விழாமல் பிடிப்பது இவர் வேலை. ஆனால் இவர் வண்டியில் கை வைத்த நொடியே 5 புள்ளி விழுந்துவிடும். எலும்பா, புள்ளியா என்று அரை நொடியில் முடிவு எடுக்கவேண்டிய வேலை!

சீட் இல்லாத பைக்

டிரையல்ஸ் பைக்கை முதல்முறை பார்ப்பவர்களுக்கு, சீட்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் தோன்றும். உட்கார இடமே கிடையாது. ஓட்டுகிறவர் ஃபுட்ரெஸ்டில் நின்றுகொண்டேதான் இருக்கவேண்டும். உட்கார்ந்தால் பேலன்ஸ் போய்விடும், உடம்பை முன்னே பின்னே தள்ளவும் முடியாது.

எடை 70 கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். நம்ம ஊரில் ஓடுகிற 100 சி.சி. பைக்கே 110 கிலோவைத் தொடும். ஆனால் இதன் என்ஜின் 250, 300 சி.சி. வரை உண்டு. பெட்ரோல் டேங்க் 2, 3 லிட்டர்தான். முதல் கியரில் விட்டால் கூட நடக்கிற ஆள் முந்திக்கொண்டு போய்விடுவார். என்ஜினுக்கு அடியில் தடியான அலுமினியத் தகடு ஒன்று இருக்கும். பாறையில் 'டங்'கென்று மோதினாலும் வயிற்றில் ஓட்டை விழாமல் காப்பது அதுதான்.

ஆச்சரியம் டயரில்தான். நாம் பின் டயருக்கு 30 பவுண்டுக்குக் குறையாமல் காற்று அடிப்போம். டிரையல்ஸ் பைக்கின் பின் டயரில் 4 முதல் 5 பவுண்டு, முன் டயரில் 6 பவுண்டு சுமார். கையால் அமுக்கினால் அமுங்கும். அப்படி இருந்தால்தான் டயர் கல்லின் மேல் படிந்து, விரல் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒரு பவுண்டு கூடினால் ஈரப்பாறையில் வழுக்கும். ஒரு பவுண்டு குறைந்தால் கல் முனை ரிம்மில் நேராக அடிக்கும். அதனால் இந்த வீரர்கள் சின்ன அளவைத் துல்லியமாகக் காட்டும் தனி மீட்டர் வைத்திருப்பார்கள். பெட்ரோல் பங்க் மீட்டர் இதற்கு ஆகாது.

மெக்கானிக் வேலையில் பாதி ஜெயிப்பு

ரோட்டில் ஓடும் வண்டியில் கிளட்ச் லேசாகப் பிடித்தால் 'அடுத்த சர்வீசில் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுவோம். டிரையல்சில் அது நேராகப் புள்ளியில் வந்து நிற்கும். இங்கே கிளட்ச்சை ஒரே விரலால் விட்டுப் பிடித்துத்தான் பாறை மேல் பைக்கைத் தாவ வைக்கிறார்கள். லீவரை முழுசாகப் பிடித்த பிறகும் வண்டி கொஞ்சம் இழுத்தால், பாறை விளிம்பில் நிற்கவேண்டியவர் முன்னே நகர்ந்து காலை ஊன்றுவார்.

வண்டி ஒரு வாரம் சும்மா நின்றால் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பே கியரைப் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் நாலு ஆட்டு ஆட்டுவார்கள். பிளேட் பிரிந்துவிடும். பழைய பைக் வைத்திருக்கிற யாரும் காலையில் இதைச் செய்து பார்க்கலாம். முதல் கியர் போடும்போது வண்டி குதிப்பது நிற்கும்.

அடுத்து ஏர் ஃபில்டர். இது ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். சேறு, தண்ணீர், தூசு எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஒரு நாள் ஓட்டி முடித்ததும் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஃபில்டர் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டவேண்டும். ஆயில் தடவாமல் மாட்டினால் மண் நேராக என்ஜினுக்குள் போய் பிஸ்டனை அரைத்துவிடும்.

வாட்டர் சர்வீஸ் அடிக்கும்போதும் சூதானம் வேண்டும். சைலன்சர் வாய், ஏர் ஃபில்டர் வாய் இரண்டையும் அடைத்துவிட்டுத்தான் தண்ணீர் அடிப்பார்கள். வீல் பேரிங், பின் ஷாக் அப்சர்பர் கீழே இருக்கும் பேரிங், கோன்செட் ஆகிய இடங்களில் அழுத்தமாக அடித்தால் கிரீஸ் கழன்று தண்ணீர் உள்ளே உட்கார்ந்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு ஏறிக்கொண்டிருக்கும்! கழுவிய பிறகு ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பது, செயின் டைட் பார்ப்பது, நட்டு போல்ட்டைச் சுற்றி வருவது என்று ஒரு மணி நேரமாவது போகும்.

பெரும்பாலான டிரையல்ஸ் பைக்குகள் இன்னும் டூ-ஸ்ட்ரோக்தான். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துதான் ஊற்றவேண்டும். லிட்டருக்கு 12 மில்லி முதல் 20 மில்லி வரை, கம்பெனி சொல்கிற அளவு. கண் மதிப்பில் ஊற்றுகிற கதையே இல்லை. கூடினால் புகை கக்கி பிளக் அடைக்கும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இதில் ரொம்பக் கொடுமையான பரீட்சை ஸ்காட்லாந்தில் நடக்கும் 6 நாள் போட்டி. 1909-ல் தொடங்கியது. பென் நெவிஸ் மலை அடிவாரத்தில் உள்ள ஃபோர்ட் வில்லியம் ஊர்தான் மையம். இரவில் எல்லா பைக்குகளையும் ஒரே வளாகத்தில் பூட்டிவிடுவார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்து மாட்டும் வேலை நடக்காது. முக்கிய பாகங்களில் பெயிண்ட் அடையாளம் வைத்துவிடுவதால் வேறு என்ஜினை மாற்றி வைக்கவும் முடியாது. அதே வண்டி, அதே என்ஜின், 6 நாள். மழை, குளிர் வேறு. முதல் நாள் அசட்டையாக விட்ட பேரிங் நாலாவது நாள் பழிவாங்கும்.

2024-க்குள் 36 பட்டம் வாங்கிய மனுஷன்

உலக சாம்பியன் போட்டி 1975-ல் தொடங்கியது. முதல் பட்டத்தை வென்றவர் இங்கிலாந்தின் மார்ட்டின் லாம்ப்கின். அவருடைய மகன் டக்கி லாம்ப்கின் அப்பாவை மிஞ்சிவிட்டார். 1997 முதல் 2003 வரை தொடர்ந்து 7 வெளியரங்கப் பட்டம், கூடவே 5 உள்ளரங்கப் பட்டம். மொத்தம் 12. இவர் 2016-ல் ஐல் ஆஃப் மேன் தீவின் ரேஸ் ரோடு முழுவதையும் முன்சக்கரம் தரையைத் தொடாமல் வீலிங்கிலேயே சுற்றி வந்தார். தூரம் 60 கி.மீ.! கிட்டத்தட்ட சென்னையில் இருந்து மாமல்லபுரம் போகிற தூரம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இந்த டக்கியால் அதிகம் வதைபட்டவர் ஜப்பானின் தகாஹிசா ஃபுஜினாமி. 1999 முதல் 2003 வரை தொடர்ந்து 5 வருடம் இரண்டாவது இடம். மனசு விட்டுப்போகாமல் ஓட்டி 2004-ல் பட்டத்தைத் தூக்கினார். வெளியரங்க உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியர் அவர்தான்.

அதன்பின் 2005, 2006 இரண்டு வருடமும் ஸ்பெயினின் ஆடம் ராகா. இனி இவர் காலம்தான் என்று நினைத்த நேரத்தில் வந்து நின்றார் இன்னொரு ஸ்பெயின்காரர் டோனி போ. 2007-ல் மொன்டேசா பைக்கில் முதல் பட்டம். அதோடு மற்றவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. 2007 முதல் 2024 வரை 18 வருடமும் வெளியரங்கப் பட்டம், உள்ளரங்கப் பட்டம் இரண்டையும் ஒரு வருடம்கூட விடாமல் அவரே வாங்கினார். மொத்தம் 36! உச்சத்தில் இருந்த ராகா, 2006-க்குப் பிறகு உலக சாம்பியன் பட்டத்தைத் தொடவே முடியவில்லை. திறமை இல்லாமல் இல்லை. பிறந்த நேரம் அப்படி.

பெண்களில் ஸ்பெயினின் லாயா சான்ஸ் பல முறை டிரையல்ஸ் உலக சாம்பியன். பிறகு பாலைவனத்தில் நடக்கும் டக்கார் ராலிக்குப் போய், 2015-ல் ஆண்களையும் சேர்த்த பைக் பட்டியலில் 9-வது இடம் பிடித்தார்.

புல்லட் கதை

இப்போது திருவொற்றியூர் விஷயம். இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்த புது புல்லட்டை வெளி உலகுக்கு முதலில் காட்டியது ஷோரூமில் அல்ல. 1948-ல் நடந்த கோல்மோர் கோப்பை டிரையல்ஸ் போட்டியில்தான். அந்தக் காலத்தில் பின்பக்கம் ஸ்பிரிங் இருந்தால் பிடிமானம் போய்விடும் என்று நம்பினார்கள். நடந்தது தலைகீழ். ஸ்பிரிங் இருந்ததால் சக்கரம் குதிக்காமல் தரையோடு ஒட்டி ஓடியது.

ஜானி பிரிட்டன் என்ற வீரர் புல்லட்டை ஓட்டி ஸ்காட்லாந்து 6 நாள் போட்டியை 1952-லும் 1957-லும் ஜெயித்தார். இதற்கு நடுவே 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. பாறையில் சோதித்துத் தேறிய அதே புல்லட் இங்கே தயாராக ஆரம்பித்தது.

ஆனால் போட்டிக் களத்தில் புல்லட்டின் காலம் நீடிக்கவில்லை. 1965-ல் சாமி மில்லர், ஸ்பெயின் தயாரிப்பான புல்டாக்கோ என்ற லேசான டூ-ஸ்ட்ரோக் பைக்கில் அதே 6 நாள் போட்டியை ஜெயித்தார். எடை கூடிய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் அதோடு ஓரம்கட்டப்பட்டன. ரெட்டிச் கம்பெனியும் 1970 வாக்கில் மூடப்பட்டது. சென்னையில் மட்டும் புல்லட் சத்தம் நிற்கவில்லை.

ஜானி பிரிட்டன் காலத்தை நினைவுபடுத்த, 2019 மார்ச்சில் 'புல்லட் டிரையல்ஸ்' என்ற பெயரில் 350, 500 சி.சி. மாடல்களை ராயல் என்ஃபீல்டு விட்டது. மேலே தூக்கிய சைலன்சர், சிவப்பு அல்லது பச்சை ஃப்ரேம், ஒற்றை சீட், பின்னால் கேரியர். பெயர் டிரையல்ஸ்தான், ஆனால் எடை 180 கிலோவுக்கு மேல். டோனி போ ஓட்டும் பைக்கைப் போல இரண்டரை மடங்கு! 2020-ல் புகை விதி மாறியபோது அந்த மாடலும் நின்றுபோனது.