13-க்கும் 14-க்கும் நடுவே

பழைய இரும்பு – 6

போன பகுதியில் என் பழைய புல்லட்டின் எஞ்சினை இறக்கிப் பலகை மேல் வைத்ததோடு நிறுத்தியிருந்தேன். பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்பது என் கணக்கு. மூன்று வாரம் ஆயிற்று. மூன்று வாரமும் நட்டுகளோடுதான் மல்லுக்கட்டு.

என் ஸ்பானர் செட்டில் 13 எடுத்தால் நட்டில் ஏறவில்லை. 14 எடுத்தால் லொடலொடவென்று ஆடியது. அழுத்திச் சுற்றினேன், ஸ்பானர் வழுக்கி, விரல் முட்டியில் தோல் பெயர்ந்ததுதான் மிச்சம். புதுப்பேட்டையில் ஆயுசு முழுக்க புல்லட்டையே பழுது பார்த்துவரும் பாய் எட்டிப் பார்த்தார்.

"இது மில்லிமீட்டர் வண்டி இல்ல சார். விட்வொர்த்."

கித்தான் பையைப் பிரித்து, கறுத்துப்போன ரிங் ஸ்பானர் ஒன்றை நீட்டினார். 1/4 என்று பொறித்திருந்தது. நட்டின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

அளந்து பார்த்தேன். வாய் 13.3 மில்லிமீட்டர். கால் அங்குலம் என்றால் 6.35 தானே வரவேண்டும்? ஆங்கிலேயன் கணக்கே தனி. ஸ்பானரில் இருக்கும் எண் நட்டுத் தலையின் அகலமல்ல, உள்ளே போகும் போல்ட்டின் தடிமன். பட்டறைக்குப் பட்டறை வேறு வேறு மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1841-இல், ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவை வகுத்தார். அவர் மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பொருந்தாத போல்ட்டும் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னொரு இழு இழுத்தால், அலுமினியத்திலிருக்கும் மரை உரிந்து சுருளாக வெளியே வந்துவிடும்.

என் வண்டியில் இப்படி உரிந்த இடங்கள் 11. சில நட்டுகளில் உளி வைத்துத் தட்டிக் கழற்றிய தடம். ஓரிடத்தில் மரைக்குப் பதில் நூலைச் சுற்றி மேலே எம்-சீல் அப்பியிருந்தார்கள். வயதால் கெட்டதைவிட வைத்தியத்தால் கெட்டதே அதிகம். ரெஸ்டோர் செய்வதென்றால் குரோமியம் பூசிப் பளபளக்க வைப்பது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். முதல் வேலை, முன்பு பழுது பார்த்தவர்கள் செய்ததையெல்லாம் அவிழ்ப்பது.

திருவொற்றியூரில் செய்த வண்டிக்கு ஏன் இங்கிலாந்து அளவு? புல்லட் பிறந்தது அங்கே, ரெட்டிச் என்ற ஊரில். 1955-இல் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957-இல் அச்சுகளும் கருவிகளும் என்ஃபீல்டு இந்தியாவுக்கு விற்கப்பட்டன. அதே 1957-இல்தான் நாடு அணாவை விட்டு நயா பைசாவுக்கு மாறியது. காசு பத்துப் பத்தாக எண்ணப்பட, திருவொற்றியூரில் மரை மட்டும் அங்குலத்தில் வெட்டப்பட்டது. 1962-க்குள் பாகங்கள் எல்லாமே உள்ளூர்த் தயாரிப்பு. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1977-இல் இங்கிருந்து புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பிறந்த வீட்டில் அடுப்பு அணைந்தபின் சீரோடு போன பெண் மாதிரி.

பாய் உரிந்த ஓட்டைகளைப் பெரிதாக்கி, லேத்தில் கடைந்த புஷ் இறக்கி, பழைய மரையையே திரும்ப வெட்டினார். மரை வெட்டும் டேப் அரைச்சுற்று முன்னால், கால்சுற்று பின்னால். அவசரப்பட்டால் டேப் உள்ளேயே உடையும். அந்த மூன்று வாரத்தில் அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்கவில்லை.

எஞ்சின் ஏறிய அன்று கிளப்பக் கற்றுக்கொடுத்தார். டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். ஹெட்லைட் மேலிருக்கும் அம்மீட்டர் முள் ஒருபக்கம் சாய்ந்திருந்து நடுவுக்கு வரும்போது நிறுத்தி, லிவரை விட்டுவிட்டு, ஒரே மிதி. சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர், 346 சிசி. முள்ளை மதிக்காமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் கெண்டைக்காலில் அதற்குச் சாட்சி இருக்கிறது.

கிளப்பியது பெரிதில்லை, நிறுத்தியதுதான். இந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மேலே தூக்கினால் முதல் கியர், மற்ற மூன்றும் கீழே. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று முன்னால் சட்டென நின்றது. இருபது வருடப் பழக்கத்தில் வலது காலை ஓங்கி மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குத் தாவியது. முன் பிரேக்தான் காப்பாற்றியது. லாரியின் பின்விளக்குக்கும் எனக்கும் இடையே ஒரு சாண். கியர் லிவர் பக்கத்திலேயே குதிகாலால் அமுக்க ஒரு சின்ன மிதி உண்டு. முதல் கியரைத் தவிர எதிலிருந்தாலும் நேராக நியூட்ரலுக்குக் கொண்டுபோகும். அதை மிதித்துவிட்டு, ஓரமாக உருட்டிக்கொண்டு போய், ஒரு டீ குடித்தேன். கிளாஸ் நடுங்கியது.

உரிந்த 11 இடங்களில் பத்துதான் சரியானது. டைமிங் மூடியின் கீழ்முனையில் ஒன்றை பாய் தொடவில்லை. "வேணாம் சார், எஞ்சின் கேஸே விரிசல் விட்டுரும்" என்றார். அங்கிருந்து ராத்திரிக்கு இரண்டு சொட்டு ஆயில் விழுகிறது. அடியில் ஒரு கொட்டாங்குச்சி வைத்திருக்கிறேன்.

(தொடரும்)