யவனர் தந்த வினா

ஒருவர் வலிப்பினால் வீழ்ந்துவிட்டால், அவர் கையில் திணிக்க இரும்புத் திறப்பைத் தேடி ஓடுவோர் நம்மவரிடையே இன்றும் உளர். செய்வினை என்பாரும் உண்டு. வேலை பறிபோகும் என அஞ்சி நோயை மறைப்பாரும் உண்டு.

இவ்வச்சம் பழையது. பண்டைய கிரேக்கர் வலிப்பைப் 'புனித நோய்' என்றனர். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னர், கொஸ் தீவினரான ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலொன்று இதனை மறுத்தது. ஏனைய நோய்களைப் போலவே இதற்கும் இயற்கையான காரணம் உண்டு. அது மூளையில் தோன்றுகிறது என்றது அந்நூல். சளியே காரணம் என்ற அதன் விளக்கம் பிழையானது. ஆயினும், எந்தத் தெய்வம் சினந்தது என்று கேளாது, உடலில் நேர்ந்தது யாது என்று வினவியமையே பகுத்தறிவு மருத்துவத்தின் தொடக்கமாயிற்று.

அவ்வறிவைக் காத்தவருள் அகதிகளும் அடங்குவர் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. கி.பி. 489இல் பேரரசன் சீனோ எடெசா நகரின் கல்விக்கூடத்தை மூடினான். சமயக் கொள்கையால் துரத்தப்பட்ட அறிஞர்கள் பாரசீக ஆட்சியிலிருந்த நிசிபிசில் தஞ்சம் புகுந்து, அங்கே கற்பித்தலைத் தொடர்ந்தனர். கிரேக்க நூல்கள் சிரியாக் மொழிக்கும், பின்னர் அரபுக்கும் பெயர்க்கப்பட்டன. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக், பல ஏட்டுப்பிரதிகளை ஒப்புநோக்கிய பின்னரே கேலனின் மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தார். வளைகுடாவில் நாம் கேட்கும் 'யூனானி' என்ற சொல் கிரேக்கத்தையே குறிக்கும். நம் சங்க நூல்களின் 'யவனர்' என்ற சொல்லும் அதே மூலத்தினின்று பிறந்ததே.

நம் மண்ணும் இத்தகைய பணியைக் கண்டதுண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணாக்கரின் துணையுடன் மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். நோயாளிக்கு விளங்கும் மொழியிலேயே மருத்துவம் பேச வேண்டும் என்பது அவரது உறுதி.

ஆகவே திறப்பைத் தேடாதீர்கள். வலிப்பு வந்தவரின் வாயில் எதனையும் வையாதீர்கள். இறுகப் பிடித்து அழுத்தாதீர்கள். அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, தலைக்கு மெதுவானதொன்றை வையுங்கள். நடுக்கம் தணிந்ததும் ஒருக்களித்துக் கிடத்துங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் அவசர மருத்துவ ஊர்தியை அழையுங்கள். இதனை வீட்டில் எல்லோருக்கும் தமிழிற் சொல்லி வையுங்கள். நாடிழந்தோர் சுமந்து காத்த அறிவு, நாடிழந்த நம்மிடம் வந்து நின்றுபோகலாகாது.