வெள்ளம் வருமுன் அணை: நிழற்படங்களுக்கும்தான்!



"கணினியில் உள்ள படங்களை வன்தட்டிலும் நகலெடுத்து வைத்துவிட்டேன். எனக்கென்ன கவலை?" என்று எண்ணுபவரா நீங்கள்? நானும் 2021 டிசம்பர் வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அம்மாதம் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. எங்கள் வீட்டின் கீழ்த்தளம் மூழ்கியது. கணினியும் வன்தட்டும் ஒரே மேசையில் இருந்தன. பழைய ஆல்பம் அதன் இழுப்பறையில் இருந்தது. பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்துப் படங்களை நான் ஸ்கேன் செய்து சேமித்திருந்தேன். அசலும் நகலும் ஒரே இரவில் போயின. மிஞ்சியவை, சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதினொரு படங்கள் மட்டுமே. அவையும் அனுப்பும்போதே அளவு சுருக்கப்பட்டவை. பெரிதாக்கினால் பாட்டியின் முகம் கலங்கிவிடுகிறது.

நான் நகலெடுக்கத் தவறவில்லை. எல்லா நகல்களையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் என் தவறு.

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. பீட்டர் குரோக் என்னும் நிழற்படக் கலைஞர் பரவலாக்கிய அதன் பெயர் '3-2-1'. ஒவ்வொரு படத்திற்கும் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றுள் 1 வேறோர் இடத்தில் இருக்க வேண்டும்.

ஏன் இரு வகை? சுழலும் வன்தட்டு கீழே விழுந்தால் பழுதாகலாம். பென்டிரைவ் தகவலை மின்னூட்டமாகச் சேமிக்கிறது. பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடந்தால் அம்மின்னூட்டம் கசிந்துவிடலாம். ஒன்றின் பலவீனம் மற்றொன்றுக்கு இல்லை.

வேறோர் இடம் என்பது உறவினர் வீடாகவும் இருக்கலாம், இணையச் சேமிப்பகமாகவும் இருக்கலாம். ஆனால் கவனம்! கூகல் ஃபோட்டோஸ் போன்றவற்றில் கைப்பேசியும் சேமிப்பகமும் இணைந்தே இயங்குகின்றன. ஓரிடத்தில் அழித்தால் மற்றதிலும் அழிந்துவிடக்கூடும். எனவே அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது. அளவற்ற இலவச இடமும் 2021 ஜூன் முதல் நாளோடு முடிந்துவிட்டது. இப்போது மின்னஞ்சலையும் சேர்த்து 15 கிகாபைட்தான் இலவசம்.

இன்னொன்றும் உண்டு: நகல் திறக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். 1998-இல் பிக்சார் நிறுவனத்தில் யாரோ தவறான கட்டளை இட்டதால் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் மளமளவென அழிந்தன. காப்பு நகலை நாடியபோது அதுவும் சரிவர இயங்கவில்லை என்று தெரியவந்தது. குழந்தை பெற்று வீட்டிலிருந்தே பணியாற்றிய கேலின் சுஸ்மன் என்பவரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தையே காப்பாற்றியது, வேறோர் இடத்தில் இருந்த ஒரு பிரதி!

இப்போது எனது வன்தட்டு ஒன்று ஈப்போவில் சித்தி வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அங்கே போகும்போது புதிய படங்களைச் சேர்க்கிறேன். பழையவற்றில் பத்தைத் திறந்து பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புகிறேன். அப்படி அனுப்பினால் தரம் குறையாது.

நண்பர்களே, பட்டமளிப்பு விழாப் படத்தை மீண்டும் எடுக்க முடியாது. பாட்டியின் படத்தையும்தான். இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளம் வடிந்த பின் அணை கட்டிப் பயனில்லை.