மலைவழித் துவிச்சக்கரவண்டி: தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள்

துவிச்சக்கரவண்டி யாழ்ப்பாணத்தவராகிய எமக்குப் புதிய பொருளன்று. கல்லூரிக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் அதிலேயே சென்று வளர்ந்தோம். ஆயினும் எமது நிலம் சமநிலம்; அங்கே பெற்ற பழக்கம் மலைச்சரிவில் ஓரளவே உதவும். இன்று எமது பழைய மாணவர் பலர் மலைநாடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளும் மலைவழியோட்டத்தை விரும்புகின்றனர். ஆகலின் அதன் முதற் பாடங்களை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

இவ்விளையாட்டு 1970-களில் அமெரிக்காவிலே, கலிபோர்ணியாவின் மரின் பகுதியில் உருவாயிற்று. இளைஞர் சிலர் 1930-களிலும் 1940-களிலும் செய்யப்பட்ட, பருத்த ரயர்களையுடைய பழைய வண்டிகளைத் தேடியெடுத்து, தமல்பாயிஸ் மலையை அண்டிய சரிவுகளில் இறங்கி ஓடினர். 1976 ஒற்றோபர் 21 ஆம் நாள் அவர்களுடைய முதற் பந்தயம் நிகழ்ந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சில்லு நிற்கும். அவ்வண்டிகளின் பிறேக் அத்தகையது. செங்குத்தான இறக்கத்தில் அது கொதித்து, உள்ளிருந்த கிறீஸ் புகையாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிய கிறீஸை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தமையால், அவ்விறக்கத்துக்கு ‘ரீபாக்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. பின்னர் ஜோ பிறீஸ், ரொம் றிச்சி முதலியோர் இதற்கென்றே வண்டிகளை அமைத்தனர். 1996 இல் அத்லாந்தா ஒலிம்பிக்கிலும் இது இடம் பெற்றது.

தொடங்குவோர் பெரும்பொருள் செலவிடல் வேண்டா. முற்புறத்தில் மட்டும் அதிர்வுதாங்கி உள்ள, உடலளவுக்குப் பொருந்திய வண்டி போதும். பிறேக் இரண்டும் குறைவற வேலை செய்தல் வேண்டும். ரயரிலே காற்றை இறுக அடைத்தல் தவறு. பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 20 முதல் 30 இறாத்தல் வரை போதுமானது. ரயர் சற்று நெகிழ்ந்திருந்தால்தான் கல்லையும் வேரையும் பற்றிச் செல்லும். தலைக்கவசமின்றி ஒருபோதும் ஏறற்க. கையுறை, தண்ணீர், மாற்று ரியூப், காற்றடிக்கும் பம்பு என்பனவும் உடன் இருத்தல் வேண்டும்.

இனி, உடல்நிலையை நோக்குவாம். வீதியில் நாம் இருக்கையிலே சாய்ந்திருந்து மிதிப்போம். மலையிறக்கத்தில் அவ்வாறிருந்தால் ஒவ்வொரு கல்லும் எம்மைத் தூக்கியெறியும். ஆகவே இருக்கையைத் தாழ்த்தி, இரு பெடல்களையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நிற்றல் வேண்டும். முழங்காலும் முழங்கையும் வளைந்திருக்க, இடுப்புச் சற்றுப் பின்வாங்க, குதிகால் தாழ்ந்திருத்தல் நன்று. அந்நிலையில் வண்டி துள்ளினும் உடல் அமைதியாயிருக்கும்.

கண் செல்லும் வழியே வண்டியும் செல்லும். முன்சில்லின் கீழுள்ள கல்லையே நோக்குவோன் அதன்மேல் மோதுவான். செல்ல வேண்டிய வழியைத் தொலைவிலே நோக்குவோன் அதனைக் கடப்பான்.

பிறேக் பிடிக்கும் முறையிலேயே தொடங்குவோர் பெரிதும் இடர்ப்படுவர். வண்டி வேகங் குறையும்போது பாரம் முன்னோக்கிச் செல்வதால், நிறுத்தும் வலிமை பெரும்பாலும் முன்பிறேக்கிலேயே உள்ளது. அதனை ஒரேயடியாக இறுக்கினாலோ ஓட்டுவோன் தலைக்குப்புற வீழ்வான். பின்பிறேக்கை மட்டும் இறுக்கினால் சில்லு வழுக்கும். எனவே இரண்டையும் ஒவ்வொரு விரலால் மெல்ல மெல்லப் பிடித்தல் வேண்டும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். இலங்கையில் முன்பிறேக் பெரும்பாலும் வலக்கைக்குரியது, அமெரிக்காவில் இடக்கைக்குரியது. வேற்று நாட்டில் வண்டி பெறுவோர் ஓடுமுன் இதனைச் சோதித்தறிதல் இன்றியமையாதது.

ஏற்றத்திலே, சரிவு தொடங்குமுன் இலேசான கியருக்கு மாறுக. பின்னே மிகச் சாய்ந்தால் முன்சில்லு எழும். எழுந்து முன்னே மிகச் சென்றால் பின்சில்லு பிடியிழக்கும். இருக்கையின் முனையில் அமர்ந்து மார்பைத் தாழ்த்துவதே நடுவழி.

முதல் நாட்களில் அகன்ற மண்வழிகளே ஏற்றவை. பிரித்தானியாவிலே பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு எனப் பாதைகளைக் கடுமைக்கேற்ப வகுத்துள்ளனர். பச்சையில் தொடங்குதலே அறிவுடைமை. தனியே செல்லலாகாது. கடக்க அஞ்சும் இடத்தில் இறங்கி நடத்தல் இழிவன்று.

ஈற்றில் ஒன்று. மலைவழி எமக்கு மட்டும் உரியதன்று. 1980-களில் கலிபோர்ணியாவின் ஒற்றையடிப் பாதைகள் பல, நடப்போரின் முறைப்பாட்டினாலும் மண்ணரிப்பு அச்சத்தினாலும் வண்டிகளுக்கு மூடப்பட்டன. நடப்போர்க்கும் ஏறிவருவோர்க்கும் வழிவிடுக. சேறான பாதையில் ஓடற்க. நாம் இன்று காட்டும் பண்பே, நாளை வரும் இளைஞர்க்கு அப்பாதை திறந்திருக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.